சும்மா இருந்த சர்வர்

மகளின் பள்ளிக்கூடத்தில் பறவைகளின் படங்களை ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பிரிண்டர் கிடையாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை, புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் மலைக்காரர்களிடம் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தோம். நான் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். கல்லூரியில் கணினி படித்தவள் என்பதால், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கதவைத் திறந்ததுமே இரைச்சல் கேட்டது. மின்விசிறியை அணைக்காமல் போய்விட்டார்களோ என்று மேலே பார்த்தேன். ஓடவில்லை. சத்தம் பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து வந்தது. முன்பு புளி மூட்டை அடுக்கிய அறை அது. இப்போது அங்கே எங்கள் சர்வர் இருந்தது. சர்வர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் போடும் கணக்குகள் வந்து சேரும் கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். தோசைக்கல் அளவுக்குச் சூடு இல்லை, ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். உள்ளே விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. திரையைப் போட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் வரைபடம் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல்.

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு பில் கூடப் போடப்படவில்லை. அப்படியானால் இந்தப் பெட்டி யாருக்காக இப்படி வியர்த்து விறுவிறுக்க வேலை செய்கிறது?

பறவைப் படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சமைத்தேன், துணி துவைத்தேன். மனசு முழுக்க அந்த அறையில்தான் இருந்தது. சில மாதங்களாகவே பில் போடும்போது திரை அடிக்கடி உறைந்து நின்றுவிடும். கணினி பழசாகிவிட்டது என்று எல்லோரும் திட்டிக்கொண்டு அப்படியே பழகிவிட்டோம். அதற்குக் காரணம் இதுவாக இருக்குமோ என்று தோன்றியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அவசரப்படுவார்.

"வைரஸா இருக்கும்மா. ஸ்கேன் பண்ணிப் பாரு" என்றார்.

அன்று முழுக்க ஸ்கேன் ஓடியது. ஒன்றும் அகப்படவில்லை. அவர் சென்னையில் தெரிந்த ஒரு வியாபாரிக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"பழைய மிஷினாம். பிராசசர் போயிக்கினு இருக்குதாம். புதுசு வாங்கிடறது பெட்டர்னு சொல்றாரு."

"சார், இதுல இன்னா ஓடுதுன்னு தெரியாம புதுசு வாங்கினா, அதேதான் புதுசுலயும் ஓடும்ல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. சாமை அறுப்பு வந்துடும். அப்ப பில்லு நின்னுச்சின்னா மலைக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. படித்து முடித்த இத்தனை வருஷத்தில் கணினியை யாரும் என்னிடம் ஒரு புதிராகக் கொடுத்ததில்லை. எண்களைத் தட்டும் கருவியாகத்தான் கொடுத்திருந்தார்கள்.

என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்ற பட்டியலைப் பார்த்தேன். பிராசசரை முழுக்கத் தின்றது எங்கள் கணக்குகள் சேமிக்கப்படும் தரவுத்தளம்தான். அது தானாக எதுவும் செய்யாது. யாராவது கேட்டால்தான் தேடும், எழுதச் சொன்னால்தான் எழுதும். யார் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். கேள்விகள் அதே சர்வருக்குள்ளிருந்துதான் வருவதாகக் காட்டியது. அங்கேதான் குழம்பிவிட்டேன்.

மதிய சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் அவரவர் கணினியை அணைக்கச் சொன்னேன். கேபிள்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி எல்லோரும் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார்கள். இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்கவில்லை. வெளியூரிலிருந்து ஆர்டர் வரும் நேரம் அது, அதைத் தொடக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

வரைபடம் அசையவே இல்லை.

"பேய் கீய் பிடிச்சிருக்குமோ?" என்றார் எங்கள் கணக்கர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

"பேயா இருந்தா அமாவாசைக்குத்தான வரணும்ணே. இது தினமும் வருதே" என்றேன்.

சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நான் சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள் கோடு மெல்ல மேலேறி, பழையபடி உச்சிக்குப் போய்விட்டது.

புதன்கிழமை, என் திரையின் ஓரத்தில் அந்த வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கடந்த நேரம். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. திரும்பினால், கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது! ஐந்து சதவீதம் கூட இல்லை. பின்னறையில் விசிறியின் இரைச்சலும் அடங்கிவிட்டிருந்தது.

நான் கத்தியே விட்டேன். "யாரும் அசையாதீங்க! இப்ப யாரு இன்னா பண்ணீங்க?"

எல்லோரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கணக்கர் கையில் டீ டம்ளர்.

"நான் டீதாம்மா குடிச்சேன். அது தப்பா?"

ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். யாரும் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. டீ முடிந்தது, அரை மணி நேரம் போயிருக்கும். கோடு மறுபடி எழுந்து உச்சியில் போய் நின்றது. கணக்கர் எழுந்தார். "இரு, இன்னொரு டீ சொல்லிப் பாக்கலாம்." உண்மையாகவே இன்னொரு டீ வரவழைத்து, வரைபடத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு வாயாகக் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு இப்போது ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. பிராசசர் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போன பிராசசர் நடுவில் இப்படி நிம்மதியாகத் தூங்காது. எங்கோ ஏதோ ஒன்று நின்றது, அதனால் இதுவும் நின்றது. அந்த ஏதோ ஒன்று எது?

வியாழக்கிழமை கரியாலூரிலிருந்து போன் வந்தது. மலைமேல் எங்களுக்கு ஒரு கொள்முதல் மையம் உண்டு. ஒரு அறை, ஒரு பெரிய தராசு, ஒரு கணினி. அங்கே வேலை பார்த்தவள் அந்த ஊர்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அறுப்புக்கு முந்தைய மாதங்களில் அங்கே கொள்முதல் ஒன்றும் இருக்காது. தேன் டின்கள் அனுப்புவது பற்றிக் கேட்கக் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, தேன் டின்னு ஏழெட்டு ரெடியா கீது. நாளைக்கு வண்டி வருதா?"

"வருதும்மா. ஏன் இவ்ளோ சத்தம் அங்க?"

"இடி க்கா. நேத்தும் இப்டித்தான். வானம் கறுத்துக்கினு வருது. நேத்து மத்தியானம்…"

போனில் பெரிதாக ஓர் இடி உருண்டது.

"அய்யோ, கரண்ட் பூடுச்சி க்கா."

அவள் அதைச் சொன்ன மறு நொடி, என் கண்ணெதிரே, திரையின் ஓரத்தில், கோடு செங்குத்தாக விழுந்தது.

போனைக் காதில் வைத்தபடியே திரைக்கு முன்னால் குனிந்தேன்.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். வெச்சிடாத! நேத்தும் கரண்ட் போச்சா?"

"ஆமா க்கா, இதே மாதிரி மழையில. கொஞ்ச நேரம் கழிச்சி வந்துச்சி."

"அங்க கம்ப்யூட்டர் ஆன்லதான் இருந்துச்சா?"

"அது எப்பவும் ஆன்லதான் க்கா. ஆஃப் பண்ணாதன்னு சார்தான சொன்னாரு. கரண்ட் வந்தா அதுவே ஆன் ஆயிக்கும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மலைமேல் கொள்முதலே இல்லாத காலத்தில், அங்கிருந்து ஒரு பதிவுகூட வராத காலத்தில், அந்தக் கணினியைப் பற்றி யார் நினைப்பார்கள்? மலைப் பதிவுகளை வாங்கித் தரவுத்தளத்தில் சேர்ப்பதற்கு எங்கள் சர்வரிலேயே ஒரு சின்ன நிரல் இருந்தது. அதனால்தான் கேள்விகள் சர்வருக்குள்ளிருந்தே வருவதாகத் தெரிந்திருக்கிறது. மலைக்கணினி அந்த நிரலைக் கேட்க, அது தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

மின்சாரம் வந்ததும் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது என்றாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பின்னால் கணக்கர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கோடு அசைந்தது, எழுந்தது, உச்சிக்குப் போனது.

"இப்ப ஆஃப் பண்ணும்மா!"

"பண்ணிட்டேன் க்கா."

விழுந்தது.

"ஆன் பண்ணு!"

எழுந்தது. அலுவலகமே ஓவென்று கூச்சலிட்டது. மலைமேல் ஒருத்தி சுவிட்சைத் தட்ட, கீழே சமவெளியில் எங்கள் திரையில் கோடு ஆடுகிறது! போனில் அவள் கேட்டாள்: "இன்னா க்கா அங்க ஒரே சத்தம்? எனக்கும் சொல்லேன்!" சொன்னேன். "நெஜமாவா? நான் இங்க தட்டினா அங்க தெரியுதா? இரு, இன்னொரு வாட்டி தட்டறேன்" என்று தானாகவே இன்னொரு முறை அணைத்துப் போட்டாள்.

சத்தம் கேட்டு மேலாளர் அறையிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்ப அத ஆஃப்லயே வெச்சிட்டா முடிஞ்சிடுச்சி" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "எப்டி சார் முடியும்?" என்றாள் மலையிலிருந்து. "அறுப்பு வந்தா இங்க வரிசையில நிப்பாங்க. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு நான் வெரல வுட்டு எண்ணிக்கினு உக்காந்திருக்கவா?"

மேலாளர் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்தார். "நாளைக்குத் தேனு எடுக்க வண்டி போவுதில்ல? நீயும் போயிட்டு வா."

அந்த மாலை வீட்டில் கணவரிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு சர்வர் என்றால் ஹோட்டலில் பரிமாறுகிறவர். ஆனாலும் இடி இடித்ததும் கோடு விழுந்த இடத்தில் அவரும் "அடேங்கப்பா!" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேனில் முன்னிருக்கையில் உட்கார்ந்து கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் நீர் பளபளப்பதைப் பார்த்தபடி போய், வளைவுகளில் ஏற ஆரம்பித்தோம். முந்தைய நாள் மழையில் பாறைகளிலிருந்து இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்தது. ஓட்டுநர் நிதானமாகத்தான் ஓட்டினார். எனக்குத்தான் வண்டி நகர்வதே இல்லை போலிருந்தது. மடியில் வைத்திருந்த பையில் ஸ்க்ரூடிரைவரும், புது கேபிளும், வேண்டியது வேண்டாதது எல்லாமும் இருந்தன. என்ன கோளாறு என்றே தெரியாமல் என்னத்தை எடுத்துப்போவது?

மையத்தின் வாசலிலேயே அவள் நின்றிருந்தாள். போனில் மட்டும் பேசிப் பழகியவளை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். குரலைவிடச் சின்ன உருவம். என் கையைப் பிடித்து நேராகக் கணினி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதான் க்கா உன் பேயி."

உட்கார்ந்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. இணைப்பும் சரி. மெதுவானதுதான், ஆனால் வேலை செய்தது. பதிவுகள் போய்க்கொண்டிருந்தன. ஏன் இத்தனை பதிவு? புதிதாக ஒன்றுமே இல்லையே? போன வருஷத்துப் பதிவுகள், அதற்கு முந்தைய வருஷத்துப் பதிவுகள், எல்லாம் மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தன. கண்ணைத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோனேன்.

தேதி தப்பாக இருந்தது. ஒன்றிரண்டு நாள் இல்லை. பல வருஷங்கள் பின்னால் இருந்தது.

"ஏம்மா, இந்தத் தேதி…"

"அது அப்டித்தான் க்கா, ரெண்டு மூணு மாசமா. கரண்ட் போயி வந்தா பழைய வருஷத்துக்குப் பூடும். மொதல்ல மாத்தி வெச்சிப் பாத்தேன். இங்க மழ வந்தாலே கரண்டு போவுது, எத்தினி வாட்டி மாத்தறது? தேதி பாக்கணும்னா செவுத்துல காலண்டர் கீது."

நான் கையைத் தட்டிச் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை ஸ்டூலில் உட்கார வைத்துச் சொன்னேன். மலைக்கணினி ஒவ்வொரு பதிவோடும் தன்னுடைய தேதியையும் சேர்த்து அனுப்பும். எது புதிது, எது பழசு என்று சர்வர் அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்யும். இது பல வருஷத்துக்கு முந்தைய தேதியோடு அனுப்பினால், "என்னிடம் இதைவிடப் புதுசு இருக்கிறது" என்று சர்வர் தன்னிடமிருப்பதைத் திருப்பி அனுப்பும். வந்ததைப் பார்த்து இந்தக் கணினி, "இன்னும் பிறக்காத தேதியாக இருக்கிறதே, இது தப்பு" என்று தள்ளிவிட்டு, தன்னிடமுள்ள எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். அது மறுபடி திருப்பும். இரவு பகலாக, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கூட இல்லாமல்.

"ரெண்டும் சண்ட போட்டுக்கினு இருந்துச்சா?" என்றாள்.

"மாசக்கணக்கா."

"அடப்பாவிங்களா."

கணினியை அணைத்து மூடியைக் கழற்றினோம். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருக்க உள்ளே ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கும். ஒரு ரூபாய்க் காசைப் போலத் தட்டையாக. அதன் உயிர் போயிருந்தது. அதுதான் முழுக் கோளாறும். என் பையில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இவ்வளவு தூரம் வந்து, பேயின் கழுத்தைப் பிடித்துவிட்டு, வெறுங்கையோடு இறங்குவதா? ஓட்டுநரைக் கடைகளில் கேட்டு வரச் சொன்னேன். போய்வந்து கையை விரித்தார்.

அவள் அந்த பேட்டரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, தேன் பாட்டில் எடை போடற குட்டித் தராசுல இப்டி ஒண்ணு கீது." ஓடிப்போய் எடுத்து வந்தாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அதன் பின்பக்கத்தைத் திறந்தோம். அதே வட்டம், அதே எண்!

"தராசுக்கு?" என்றேன்.

"நீ கீழ போயி வேற வாங்கி அனுப்பு. அது வரைக்கும் பெரிய தராசு கீது."

பொருத்தினேன். கணினியைப் போட்டேன். தேதியைச் சரிசெய்தேன். நிரலை ஓடவிட்டுவிட்டு வெளியே ஓடினேன். மையத்தின் உள்ளே என் போனுக்குச் சிக்னல் வரவில்லை, எதிரிலிருந்த பலா மரத்தடியில்தான் வந்தது. கணக்கரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கோடு எங்க கீது?"

"மேலதாம்மா. இப்ப நூறையே தொட்டுடுச்சி."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா க்கா?" என்றாள். தப்பாகக் கண்டுபிடித்துவிட்டேனா? அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. இத்தனை மாதம் முடியாத கணக்கை இப்போது ஒரே மூச்சில் சரிபார்க்கிறது, நூறைத் தொடாமல் என்ன செய்யும்?

"அண்ணே, லைன்லயே இருங்க. டீ கீ குடிக்கப் போயிடாதீங்க."

"குடிக்கலம்மா, பாத்துக்கினேதான் இருக்கேன்… இரு… இரு… எறங்குது. எம்பது. அறுவது. ஏய், எல்லாரும் வாங்க! முப்பது… விழுந்துடுச்சிம்மா! தரையில கெடக்குது!"

போனில் கைதட்டல் கேட்டது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பலா மரத்தடியில் குதித்தேன். சாலையில் போன ஒருவர் நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார். "கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியாயிடுச்சி" என்றாள் அவள்.

ஆனால் உடனே அவளே சொன்னாள்: "கரண்ட் போனா தெரியும் க்கா." உள்ளே போய், என்னைக் கேட்காமலேயே பிளக்கைப் பிடுங்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொருகினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தோம். இன்றைய தேதி, இன்றைய நேரம். மறுபடி பலா மரத்தடிக்கு ஓடினேன். கோடு தரையிலேயே கிடப்பதாகக் கணக்கர் சத்தியம் செய்தார். போன் கைமாறி மேலாளர் வந்தார்.

"பின்னாடி ரூம்ல போயி நின்னு பாத்தேம்மா. மிஷின் ஓடுதா நின்னுடுச்சான்னு சந்தேகமே வந்துடுச்சி. அவ்ளோ அமைதி. சென்னைக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு ஒரு நொடி விட்டு, "பில்லு இப்ப எப்டி பறக்குது தெரியுமா?" என்று என்னிடமே பெருமையாகக் கேட்டார்.

வேனில் தேன் டின்களை ஏற்றினோம். தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். சாமைச் சோறும் கொள்ளு ரசமும். சாப்பிட்டுக்கொண்டே, கணினியின் உள்ளே பார்த்த மற்ற பாகங்களெல்லாம் என்னென்ன என்று விடாமல் கேட்டாள். பதில் தெரிந்தவற்றைச் சொன்னேன், தெரியாதவற்றைத் தெரியாது என்றேன். "அப்ப அடுத்த வாட்டி வரும்போது ரெண்டு பேருமா பிரிச்சிப் பாக்கலாம்" என்றாள்.

இறங்கும் வழியெல்லாம் ஓட்டுநரிடம் முழுக் கதையையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அணைக்கட்டுப் பக்கம் வந்ததும், முன்னாலிருந்த கடிகாரத்தை விரலால் தட்டினார்.

"எல்லாஞ் சரிதாம்மா. இந்த வண்டியில டைம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. வாங்கின நாள்லருந்தே இப்டித்தான். இத எப்டி மாத்தறது?"

"வண்டிய ஓரமா நிறுத்துங்கண்ணே" என்று சொல்லி, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்தேன்.